மிளகு உதிர்க்கும் தையல் மிஷின்

மிஷினில் எட்டாயிரம் ரூபாய் என்று அட்டை தொங்கியது. ஐந்தில் ஆரம்பித்து, எட்டைத் தாண்டி, ஒன்பது வரைக்கும் ஏறிவிட்டேன். தலைமுறை தலைமுறையாக மிளகு வாங்கி விற்கும் எங்கள் குடும்பத்தில் அட்டை விலைக்கு மேலே போன முதல் ஆள் நான்தான். அப்படியும் சென்றாயன் தலையாட்டவில்லை.

“அப்புறம் எதுக்குய்யா வெலை எழுதுன?”

“வெலை இல்லாத பொருளை வெக்க உடமாட்டாங்களாம்ணா. சவரிமுத்து சார் எழுதச் சொன்னாரு, எழுதுனேன்.”

வீட்டிலேயே செய்த கருவிகளுக்கென்று செம்மேட்டுச் சந்தைத் திடலில் திருவிழா. சவரிமுத்து அதற்குப் பொறுப்பாளர். பக்கத்துப் பந்தலில் பழைய மின்விசிறியை வைத்து மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். எதிரே, பலா மரத்துக் குரங்கை விரட்டத் தகர டப்பா மேளம். காற்றடித்தால் தானாக முழங்கும். குரங்கு ஓடுமோ என்னவோ, கூட்டம் ஓடி வந்தது.

என் கண் சென்றாயனின் மிளகு உதிர்க்கும் டிரம்மை விட்டு நகரவில்லை. உள்ளே ஆணி அடித்த உருளை. மேலே மிளகுக் கதிரைப் போட்டுக் கீழே மிதித்தால் மணி மணியாகக் கொட்டும். மலையில் கதிரைப் பாயில் பரப்பிக் காலால் மிதித்துத்தான் உதிர்ப்பார்கள். சாயங்காலம் பாதம் நெருப்பாக எரியும்.

குனிந்து பார்த்தேன். மிதியும் பக்கத்துச் சக்கரமும் தையல் மிஷினுடையவை.

“யாரோடதுய்யா?”

“எம் பொண்டாட்டி சுகுணாவோடதுங்க. கால் எரியுதுன்னு அழுவா. அண்ணன் ஊட்டு விசேசத்துக்கு வளப்பூர் போன நேரம் பாத்துக் கழட்டி மாட்டிட்டேன். வந்து பாத்தா சந்தோசப்படுவான்னு...”

“பட்டாளா?”

“திருப்பூர் போயிட்டா. போன தையில.”

இது அடுத்த தை.

மிளகு மிதித்து எரியும் காலோடும் சுகுணா ஆசையாக உட்காருவது அந்தத் தையல் மிஷின் முன்னால் மட்டும்தானாம். அவனே சொன்னான். கால் வலியைத் தீர்க்கப் போய், அந்தக் கால் விரும்பிய ஒரே வேலையைக் கழற்றியிருக்கிறான்.

“சொல்லி உட்டிருக்கேனுங்க. இன்னிக்கு மிஷினை மேடையில ஓட்டப் போறேன்னு. வந்துருவா.”

ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் அவன் கழுத்து ரோட்டுப் பக்கம் திரும்பியது. திரும்பும்போதெல்லாம் நான் ஐந்நூறு ஏற்றிப் பார்த்தேன். காதில் விழவே இல்லை.

மத்தியானம் வந்தாள். துணிப்பையை வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், மிதியில் பாதம் வைத்து மெல்ல அழுத்தினாள்.

“கனக்குது.”

“எண்ண உட்டாச் சரியாயிரும்.”

“கம்பெனியில கரண்டு மிஷினுங்க. கால் வெச்சா அதுவா ஓடுது. காலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.” மறுபடி மிதித்தாள். நாலு மிளகு உதிர்ந்தது.

“ஊட்டுக்கு வா கண்ணு.”

“வந்து? இதை மிதிக்கவா?”

அந்த நேரம் பார்த்து மைக்கில் சவரிமுத்து கூப்பிட்டார்: “அடுத்து சென்றாயன்! மிஷினோட மேடைக்கு வாங்க!”

சென்றாயன் ஸ்பேனரை எடுத்தான். மண்டியிட்டு மிதியின் முதல் போல்ட்டைக் கழற்றினான்.

“யோவ், பரிசு உனக்குத்தான்னு பேசிக்கறாங்க. வாங்கிட்டுக் கழட்டுய்யா!”

“நீங்க சித்த நகருங்கண்ணா.”

சுகுணா யாரும் சொல்லாமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சென்றாயனின் பெயர் இன்னொரு தடவை மைக்கில் கேட்டது. அப்புறம் வேறு பெயர்.

மிதியையும் சக்கரத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போனார்கள். மிஷினுக்கு விலை பேசப் போன நான், சும்மா பின்னாலேயே போனேன். சுகுணா அதோடு பஸ் ஏறியதும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் என்றார்.

“எங்காலுங்க இது. காலுக்கு டிக்கெட் உண்டுங்களா?”

அவர் சிரித்துவிட்டு விசில் ஊதினார்.

“மிஷின் தலை ஊட்டுலதான் இருக்குது. துணி சுத்தி வெச்சிருக்கேன்,” என்று சென்றாயன் ஜன்னலைப் பிடித்தபடி நடந்தான். “இன்னிக்கே வந்தா...”

“ஒரு நாள்தானுங்க லீவு. பத்திரமா வெச்சிருங்க.”

பஸ் வளைவில் மறைந்த பிறகும் அவன் கை ஜன்னல் உயரத்திலேயே இருந்தது.

வியாபாரி மனசு கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்குமா? திருப்பூர் போனது: மிதி ஒன்று, சக்கரம் ஒன்று. அவன் ஊரான திண்ணனூர் நாட்டில் இருப்பது: மிஷின் தலை ஒன்று, சென்றாயன் ஒருவன். இரண்டும் ஓரிடத்தில் சேராமல் ஒரு ஜாக்கெட்டும் தைக்க முடியாது. நிலுவை: சுகுணா.