விடையோடு வந்த புதிர்

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் என் குறுக்கெழுத்துப் புதிர் விடைகளோடு சேர்ந்தே வெளிவந்தது. காலியாக இருக்க வேண்டிய கட்டங்களில் எழுத்துகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. வெற்றுக் கட்டத்துக்குப் பதிலாக நிரப்பிய கட்டத்தை அனுப்பிவைத்தவன் நான். பத்திரிகையில் என் பிழைப்பு மெய்ப்புப் பார்ப்பது. புதிர் போடுவது வாரம் ஒருமுறை தலைதூக்கும் கிறுக்கு. ஆகவே அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தவனும் நான்தான். விடைகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து, ஒரு பிழைகூட இல்லையென்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

வீட்டில் முதலில் பார்த்தது மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இணைப்பிதழை விரித்தவள், சுடுபாத்திரத்தைத் தொட்டவள்போல் மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எதையும் பாக்கல. அது மேல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கட்டத்தையும் நீங்களே போட்டுக் குடுங்க."

ஸ்கேல் வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டேன். ஒரு கறுப்புக் கட்டத்தை இடம் மாற்றி அடித்ததற்குத் தனியாக வசவு விழுந்தது. பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: அவள் முடிக்கும்வரை நான் எதிரில் உட்காரக் கூடாது. என் மூஞ்சியைப் பார்த்தாலே விடை சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறதாம். அதனால் குளியலறைக் குழாயைப் பழுதுபார்க்கும் பாவனையில், காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"முடிஞ்சுது" என்று குரல் வந்ததும் விசாரணை தொடங்கியது. 'கடிதத்தின் தலையில் மீனவர் விரிப்பது மனதை அரிக்கும்' என்று ஒரு குறிப்பு வைத்திருந்தேன். கடிதத்தின் முதல் எழுத்து க. மீனவர் விரிப்பது வலை. சேர்த்தால், மனதை அரிக்கும் கவலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"கடிதத்துக்கும் மீனவருக்கும் என்ன சம்பந்தம்? கடல்னு போட்டிருந்தா அதே 'க' கிடைச்சிருக்கும். அவரும் பாவம், தண்ணிப் பக்கமா நின்னிருப்பாரு."

அவள் சொன்னது சரி. எரிச்சலே அதுதான். குறிப்புக்குக் குறிப்பு குறை சொல்வாள். புதிர் பிடித்திருக்கிறதா என்று மட்டும் சொன்னதே இல்லை.

மறுநாள் திட்டு வாங்கத் தயாராகவே அலுவலகம் போனேன். எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. எதைக் கண்டாலும் நறுக்கிவிடுவார். அவர் திட்டவில்லை. விடையோடு புதிர் வந்ததைப் பற்றி ஒரு வாசகர்கூடப் புகார் செய்யவில்லை என்று சாந்தமாகச் சொன்னார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த இடத்தை ஒரு மெத்தைக் கடைக்காரர் விளம்பரத்துக்குக் கேட்கிறாராம். நிறுத்துவதா, தொடர்வதா என்று நானே யோசித்து நாளைக்குச் சொன்னால் போதுமாம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, புதிர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். இப்போதெல்லாம் மெத்தைகள் மிகவும் முன்னேறிவிட்டன என்றார்.

சாயங்காலம் நேராக மாடிக்குப் போனேன். அங்கே குடியிருக்கும் மைத்துனன், வாராவாரம் என் புதிரை முடித்துவிட்டுத்தான் சவரம் செய்துகொள்வதாகச் சொல்லிவருகிறவன். அவனிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"உங்க புதிரெல்லாம் தனி ரகம் அத்தான்."

நல்ல ரகமா, கெட்ட ரகமா என்றேன். காப்பி போடட்டுமா என்றான். அவன் உள்ளே போனதும், மேசையில் கிடந்த முந்தின வாரத்து இணைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். கட்டமெல்லாம் நிரம்பித்தான் இருந்தது. ஆனால் இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ ஒரு வார்த்தைகூட எந்த மொழியிலும் இல்லை. அத்தான் மனசு நோகக் கூடாதென்று கண்ட எழுத்துகளை வாரி இறைத்திருக்கிறான். கோபம் வரவில்லை. காப்பியைக் குடித்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அது பிரமாதமில்லை.

படியிறங்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. தம்பி செய்வதை அக்காவும் செய்கிறாளோ? அவள் நிஜமாகவே விடை கண்டுபிடிக்கிறாள் என்பது ஒன்றுதான் வித்தியாசமோ? அவளும் என்மேல் பரிதாபப்பட்டுத்தான் பென்சிலை எடுக்கிறாள் என்றால், மெத்தைக்கு வழிவிடுவதுதான் மரியாதை.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, வாசகர் ரசனை, காலமாற்றம், மெத்தை வியாபாரம் என்று ஒரு சுற்று வந்தேன்.

"என்ன கேக்கணுமோ அதை நேரா கேளுங்க. இது ஒண்ணும் புதிர் இல்ல."

நேராகக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் கேட்டேன். "நீ எனக்காகத்தான் உக்காந்து போடுறியா?"

மடித்த சட்டையை என் மடியில் வைத்தாள்.

"மொத வருஷம் உங்களுக்காகத்தான் போட்டேன். அப்ப ஒண்ணும் நல்லா இல்ல. சொன்னா வாடிப்போவீங்கன்னு சொல்லல. இப்ப நல்லா இருக்கு, எனக்காகத்தான் போடுறேன். வாரம் பூரா அடுத்தவங்க கண்ணுக்காக வேலை பாக்குறேன். அந்த ஒரு காலையிலதான் எனக்குன்னு எதையாவது தேடுறேன். நிறுத்தாதீங்க."