லெவ்யூர் என்கிற கள்ளு

மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாரும் வைன் குடிக்கிறார்கள். பனி பெய்யும் ஊரில் குடிக்கிறார்கள், பிரிவதற்கு முன் குடிக்கிறார்கள், சண்டைக்குச் சவால் விட்ட பிறகும் குடிக்கிறார்கள். அந்தத் திராட்சைச் சாற்றைப் பொங்க வைத்தது எது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது: லெவ்யூர்.

நெல்லித்தோப்பில் கிறிஸ்துமஸுக்கு வைன் போடும் வீடுகள் பல. ஆனால் பப்பாவின் வைனுக்குத்தான் பேர். கறுப்புத் திராட்சையை அம்மா பிசைந்து, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் நிரப்புவாள். லெவ்யூரை மட்டும் பப்பா தன் கையால் ஊற்றுவார். லூர்துநாதனின் ரொட்டிக் கடையிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் அது வரும். கலங்கலான வெள்ளை.

"பிரான்சு சரக்கு. இது இல்லன்னா சாறு அழுகிப்பூடும், வைன் ஆவாது" என்பார்.

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். கப்பலில் வந்த சீஸ் நின்றது, வாசனை சோப்பு நின்றது. லெவ்யூர் மட்டும் நிற்கவில்லை. பப்பா அதை யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் நான் வீட்டில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தேன். தெய்வசிகாமணி. அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். ஊர் ரெட்டியார்பாளையம். அவருடைய அப்பா சின்னக்கண்ணு தென்னை ஏறிக் கள்ளிறக்குகிறவர். கேட்டதும் பப்பா கத்தவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மதம் வேற, சாதி வேற, அத வுடு. கள்ளு வாடை! அது இந்த வூட்டு வாசப்படி தாண்டி உள்ள வராது, பெர்னதெத். நான் உயிரோட இருக்கற வரைக்கும் வராது."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்னைப் பெண் பார்க்க முத்தியால்பேட்டையிலிருந்து வருவதாக ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். வந்தவர்கள் முன் நான் தலையாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு விட்டிருந்த வேலை.

பப்பாவுக்கு முட்டிவலி. அதனால் லெவ்யூர் வாங்க முதல் தடவையாக என்னை அனுப்பினார். கடையின் முன்பக்கத்தில் ஆளில்லை. பின்பக்கம் போனேன். லூர்துநாதன் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மண்பானை, விளிம்பில் நுரை. அதிலிருந்து மொண்டு மாவில் ஊற்றினார். என் கையிலிருந்த குப்பியை வாங்கி, அதே பானையின் அடிமண்டியை அதில் நிரப்பினார்.

"அண்ணே, நான் லெவ்யூர் கேட்டேன்."

"இதான் லெவ்யூர்."

"இது கள்ளு."

"பானையில இருந்தா கள்ளு. குப்பியில ஊத்தி கார்க்கு போட்டா லெவ்யூர்." அவர் சிரித்தார். "ரொட்டி பின்ன எதுல உப்புதுன்ற? உங்கப்பா டெய்லி காப்பியில தோச்சித் துன்றாரே, அதுவும் இதுலதான்."

"யார் மரத்துக் கள்ளு?"

"ரெட்டியார்பாளையம் சின்னக்கண்ணு மரத்துது. எப்பவும் அவருதான். இன்னாத்துக்குக் கேக்கற?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"பாப்பா, பப்பாகிட்ட சொல்லிடாத! வாடிக்க பூடும்!" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்டது.

வீட்டில் ஜாடி தயாராக இருந்தது. பப்பா சிலுவை போட்டுவிட்டு, கார்க்கைத் திருகி எடுத்து முகர்ந்தார். கண்களை மூடினார்.

"பிரான்சு மார்செய் தொறைமுகமே வந்து நிக்குது."

"ரெட்டியார்பாளையம், பப்பா" என்றேன். "சின்னக்கண்ணு எறக்குன கள்ளு. நீங்க துன்ற ரொட்டியிலயும் அதான்."

"பொய் சொல்றா இவ."

"லூர்துநாதன் அண்ணனக் கூப்ட்டு வெச்சிக் கேளுங்க."

அவர் மறுபடி முகர்ந்தார். இந்தத் தடவை கண்களை மூடவில்லை. பெயர் போனதும் வாடை வந்துவிட்டது. குப்பியை ஜன்னல் வழியே எறியக் கையை ஓங்கினார். நான் அதைப் பிடுங்கி ஜாடியில் கவிழ்த்தேன்.

"இன்னாடி பண்ண?"

"வாசப்படி தாண்டி வராதுன்னீங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சி பப்பா. வருசா வருசம் நீங்கதான் உங்க கையால ஊத்துனீங்க."

மறுநாள் ஜாடி பேச ஆரம்பித்தது. மூடிய துணிக்கு அடியில் முணுமுணுப்பு, நுரை, வீடு முழுக்க இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. பப்பா என்னோடு பேசவில்லை. ரொட்டியையும் நிறுத்திவிட்டு இட்லி கேட்டார்.

"இட்லி மாவுந்தான் பொங்குது. அதுக்கு எந்த நாட்டுப் பேரு வெக்கறது?" என்றாள் அம்மா.

கொஞ்ச நாளில் அவர் ரொட்டிக்குத் திரும்பினார். என்னிடம் திரும்பவில்லை.

"வரவங்க முன்னாடி வாயத் தொறக்காத" என்று அம்மா கெஞ்சினாள்.

"கேட்டா சொல்லுவேன்."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒரு வாய் வைன் குடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"முசியே அருளானந்தம், லெவ்யூர் எங்க கெடைக்குது உங்களுக்கு? நாங்க தேடாத எடமில்ல."

பப்பா என்னைப் பார்த்தார். உத்தரவு போடும் பார்வை இல்லை அது. என்னிடம் எதையும் கேட்டுப் பழகாத மனிதர் கேட்கும் பார்வை. ஒரு கணம் பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பேசாமல் இருந்தால் அடுத்து தலையாட்ட வேண்டும்.

"கள்ளு மண்டி, மதாம். நான் கட்டிக்கப் போறவரோட அப்பா எறக்குனது."

அந்த அம்மாள் கிளாஸை மேஜையில் தள்ளி வைத்தாள்.

"இந்தச் சாக்கடையவா எங்களுக்கு ஊத்துனீங்க?"

பப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தள்ளி வைத்த அந்தக் கிளாஸை எடுத்து அடி வரை குடித்தார்.

"இது சாக்கட இல்ல மதாம். என் வைன். புடிக்காதவங்க போய்ட்டு வரலாம்."

அவர்கள் போன பிறகும் அவர் உட்காரவில்லை.

"வைனுக்காகத்தான் பேசுனேன். ஒனக்காக இல்ல. அந்தப் பையன் இங்க வரக்கூடாது."

"அவரு வர மாட்டாரு. நான்தான் போறேன். நகராட்சி மேரி கட்டடத்துல கையெழுத்துக் கல்யாணத்துக்குப் பேரு குடுத்தாச்சி. எனக்கு இருவத்தொண்ணு முடிஞ்சிடுச்சி, உங்க சம்மதம் வேணாம்."

"அப்ப போ."

"போறேன். திங்கக்கெழம காலைல. வரணும்னு தோணுனா வாங்க. தோணலன்னாலும் கல்யாணம் நடக்கும்."

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. உள்ளே போய் என் புடவைகளை மடிக்க ஆரம்பித்தேன்.