எந்தக் கையால் சுற்றினால் என்ன?

என் அக்காவை அணியிலிருந்து நீக்கிய தீர்மானம் மூன்றே வரி. அந்த மூன்று வரியையும் எழுதியவள் நான்தான். தூண்டில் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. செயலாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவது பழக்கமாகிவிட்டிருந்தது. முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. பாதி அவர்மீது, பாதி என்மீது.

அக்கா மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பவள். சுழலும் கல்லில் லென்ஸின் ஓரத்தைக் கொடுத்து, சட்டத்துக்குள் சரியாகப் போய் உட்காரும்வரை இழை இழையாகக் குறைக்க வேண்டும். ஒரு அழுத்தம் கூடினால் லென்ஸ் போச்சு. இருபது வருடமாக அதைச் செய்கிறாள். நாள் முழுக்க அரை அடி தூரத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும், லீவு நாளிலாவது தூரமாக எதையாவது பாரேன் என்று அத்தான்தான் அவளை நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனார். அத்தான் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு மீன் பிடிப்பது ஒரே மாதத்தில் அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவில்லை.

அவள் பிடிப்பது லூர் போட்டு. புழுவோ இறாலோ கிடையாது. மீன்குஞ்சு மாதிரி செய்த ரப்பர் பொம்மை, தலையில் ஈயக் குண்டு, முதுகில் முள். அந்தப் பொம்மைக்கு உயிர் கொடுப்பது ரீலைச் சுற்றுகிற கை. நைலான் நரம்பைச் சுற்றிவைக்கிற எங்கள் ரீல்கள் தூண்டில் கம்புக்கு அடியில் தொங்குகிறவை; கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். வலது கைக்காரர்கள் பெரும்பாலும் வலது கையால் வீசுவார்கள், கம்பை அதே கையில் வைத்தபடி இடது கையால் சுற்றுவார்கள். லூர் தண்ணீரைத் தொட்ட நொடியே சுற்ற ஆரம்பித்துவிடலாம். அக்கா அப்படி இல்லை. வலது கையால் வீசுவாள், கம்பை இடது கைக்கு மாற்றுவாள், பிறகு அதே வலது கையால் சுற்றுவாள். இரண்டு மூன்று நொடி அதிலேயே போய்விடும்.

எங்கள் செயலாளர் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவர். பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு பயிற்சிக் கையேடு துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அவர் காதுபடாமல் நாங்கள் அவரைக் கையேடு என்றே சொல்வோம். இல்லாததைச் சொல்லக் கூடாது, எங்களில் பாதிப் பேருக்கு முடிச்சுப் போடவே அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

"ஏம்மா, கைப்பிடி தப்பான பக்கம் இருக்கே?" என்றார் முதல் நாளே.

"தப்பில்ல சார். எனக்கு இதுதான் வசதி."

"வசதி வேற, முறை வேற. வலது கையால வீசினா இடது கையாலதான் சுத்தணும்."

"வீசுறதுக்குப் பலம் இருந்தாப் போதும் சார். சுத்துறதுலதான் நுணுக்கமே. என் நுணுக்கமெல்லாம் இந்தக் கையிலதான் இருக்கு."

அவர் கிட்டே வந்தார். அவள் கையிலிருந்த கம்பை வாங்கினார். வாங்கினார் என்ன வாங்கினார், பிடுங்கினார். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, திருகைக் கழற்றி, கைப்பிடியை இடப்பக்கம் மாட்டி, "இப்ப வீசுங்க" என்று நீட்டினார். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அவர் நான்கு அடி நகர்ந்ததும் திருகைக் கழற்றிப் பழையபடி வலப்பக்கம் மாட்டிக்கொண்டாள். அந்த மாதத்தில் மட்டும் இது நான்கு தடவை நடந்தது. யாராவது தன் கடைக்குள் வந்து தராசை இடம் மாற்றி வைத்தால் அந்த மனிதர் சும்மா இருப்பாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"எனக்கு மீன் எப்பக் கடிக்குதுன்னு கவனிச்சியாடி?"

"சுத்தும்போதுதான். வேற எப்ப?"

"இல்ல. கை மாத்தும்போது. நான் சுத்தவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள நரம்பு துள்ளுது."

யோசித்துப் பார்த்தால் அதில் அர்த்தம் இருந்தது. மற்றவர்களின் லூர் விழுந்ததுமே மேல்தண்ணீரில் ஓட ஆரம்பித்துவிடும். அக்கா கை மாற்றுகிற நேரத்தில் அவளுடைய லூர் தன்பாட்டில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், அடிபட்ட குஞ்சு மாதிரி. வெயில் ஏறியதும் கொடுவா மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும். இவள் லூர் அவற்றின் வாசலிலேயே போய் இறங்கியது. அன்றிலிருந்து அக்கா கை மாற்றிய பிறகும் சுற்றாமல் எட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று வாய் முணுமுணுக்க, கண் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்திலேயே இருக்கும்.

"மீன் பிடிக்கிறியா, மந்திரம் போடுறியா?" என்று அத்தான்கூடக் கிண்டல் செய்தார்.

சங்கங்களுக்கு இடையிலான போட்டிக்கு நாலு பேர் போக வேண்டும். ஆறு வாரம் தேர்வு நடந்தது. பிடித்த மீனை அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். மொத்த நீளத்தை வைத்துத்தான் வரிசை. அக்கா இரண்டாவது. ஐந்தாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த மூன்று வரியைச் சொன்னார். அணியில் இடம்பெறுவோர் சங்கம் கற்பிக்கும் முறைப்படியே வீசவும் சுற்றவும் வேண்டும். முறை தவறுவோர் வரிசையில் அடுத்தவருக்கு இடம் தர வேண்டும். இது உடனே நடைமுறைக்கு வருகிறது. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் எழுதினேன்.

அக்கா எழுந்தாள். "நான் பிடிச்ச மீன்ல ஏதாவது குறை இருக்கா சார்?"

"மீன்ல குறை இல்லம்மா. நம்ம சங்கத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு. வெளியூர்க்காரன் நாலு பேர் முன்னாடி நீங்க கம்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்திட்டு நின்னா, என்னய்யா சொல்லிக் குடுத்தேன்னு என்னைத்தான் கேப்பான்." பிறகு ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "இடது மணிக்கட்டுல வலின்னு ஒரு மருத்துவச் சான்று கொண்டுவாங்க. விதிவிலக்குக் குடுத்துடலாம்."

"எனக்கு வலி இல்லையே."

"சும்மா ஒரு காகிதம்மா."

அன்று மாலை பல் டாக்டர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. தன் நண்பர் ஒருவர் எலும்பு டாக்டர், பத்து நிமிடத்தில் சான்று வாங்கித் தருகிறேன் என்றார்.

"நீங்க நல்ல மனசோட சொல்றீங்க டாக்டர்," என்றாள் அக்கா. "ஆனா என் கை நல்லா இருக்கு. நல்லா இருக்கிற கையை நோயாளி ஆக்க எனக்கு இஷ்டமில்ல."

அவர் போனதும் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "காகிதம்தானேக்கா. குடுத்துட்டுப் போட்டிக்குப் போயேன்."

அக்கா அதுவரை கத்தவே இல்லை. என்னிடம்தான் கத்தினாள். "வியாதின்னு எழுதிக் குடுத்தா சுத்தலாம், நல்லா இருக்கேன்னு சொன்னா சுத்தக் கூடாதா? என்னடி நியாயம் இது? நாளைக்கு இன்னொருத்தி என்னை மாதிரி சுத்தினா, உனக்கு என்ன வியாதின்னு கேப்பாங்க. அதுக்கு நான் ஆரம்பிச்சு வைக்கணுமா? நீயும் அங்கதானே உக்காந்திருந்தே. ஒரு வார்த்தை, இது சரியில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னியா?"

அத்தான் நடுவில் புகுந்து, "நான் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் ஓட்டுவேன், பஸ் போய்ச் சேரணும் அவ்வளவுதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. திங்கட்கிழமை வேலை இடைவேளையில் போட்டி நடத்துபவர்களுக்கு நானே போன் போட்டேன். எந்தக் கையால் சுற்ற வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண்மணிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

"கையா? நீங்க காலால சுத்தினாலும் எங்களுக்கு ஒண்ணுமில்லங்க. முள் மீனோட வாயில மாட்டியிருக்கணும். உயிரோட அளந்து உயிரோட விடணும். அவ்வளவுதான்."

தனிநபராகவும் கலந்துகொள்ளலாம், பெயர் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார். நான் அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன். அக்கா பெட்டியைத் திறந்து ரீலுக்குப் புது நரம்பு ஏற்ற ஆரம்பித்தாள்.

போட்டியில் ஒருவருக்கு மூன்று மீன் கணக்கு. சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்குக் கிடைத்த இடம், சங்க அணியில் ஒருவராக வந்திருந்த கையேட்டுக்கு அடுத்த இடம். காலையில் அவருக்கு மளமளவென்று இரண்டு மீன் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் சுற்றினார். அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியது. கரை முழுக்க ஓய்ந்துபோனது. அக்கா வீசினாள், கை மாற்றினாள், எண்ணினாள். முதல் மீன் ஆறு எண்ணும்போது கடித்தது. அடுத்தது அரை மணி நேரம் கழித்து. மூன்றாவதுக்கு நரம்பு துள்ளக்கூட இல்லை, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது. அக்கா கம்பை ஓங்கி இழுத்தாள். மீன் நரம்பை உருவிக்கொண்டு ஓடியது. அவள் வலது கை கைப்பிடியில் லென்ஸைப் பிடித்த மாதிரியே இருந்தது: அது இழுக்கும்போது விட்டு, அது ஓயும்போது வாங்கி. கரைக்கு வந்தபோது அளவுப் பலகையில் அதன் வால் எண்பத்தொரு சென்டிமீட்டரைத் தொட்டது.

அப்போது கையேடு நடுவரிடம் போனார். என் காதால் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன்.

"இது லூர் மீன்பிடிப்பே இல்ல சார். அவங்க சுத்தவே இல்ல. சும்மா போட்டுட்டு நிக்கிறாங்க. லூர்னா அசையணும்."

நடுவர் வயதான மனிதர். அக்காவைக் கூப்பிட்டு ஒரு முறை வீசிக் காட்டச் சொன்னார். பார்த்தார். "கீழ விழுறதும் அசைவுதானேய்யா," என்று சொல்லிவிட்டு அளவை எழுதிக்கொண்டார்.

அக்காவுக்கு இரண்டாம் இடம். எங்கள் சங்கத்தின் அணி எத்தனையாவது என்று எனக்கு நினைவில்லை; நினைவில் வைக்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை. பரிசு கொடுத்து முடிந்ததும் செயலாளர் கேமராவோடு வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"வாங்கம்மா, ஒரு படம் எடுத்துக்கலாம். நம்ம உறுப்பினர்தானே, சங்கத்தோட ஆண்டு மலர்ல போட்டுடலாம்."

"மானம் போயிடுமே சார்," என்றாள் அக்கா. கோப்பையைத் துணிப்பைக்குள் போட்டாள். "அந்தத் தீர்மானத்த எடுங்க, அப்புறம் படம் எடுக்கலாம்."

தீர்மானத்தை நீக்க அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது பேர் நீக்கச் சொன்னோம். பதினோரு பேர் இருக்கட்டும் என்றார்கள். அந்தப் பதினொன்றில் நாலு பேர் கரையில் அக்கா மாதிரியே எண்ணிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அக்கா சங்கத்திலிருந்து விலகினாள். நானும் விலகினேன். இப்போது நாங்கள் எதிர்க்கரையில் பிடிக்கிறோம்.

இரண்டு மாதம் கழித்து ஈயக் குண்டு வாங்கக் கையேட்டின் கடைக்குப் போனேன். ஊரில் வேறு கடை இல்லை. சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'இறக்கி எண்ணும் முறை. சிறப்புப் பயிற்சி. பயிற்றுநர்: செயலாளர்.'

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை.

"இது யார் முறை சார்?"

"முறை யாருக்கும்மா சொந்தம்? தண்ணி எல்லாருக்கும் பொது."

"அப்ப எங்க அக்கா கைய மட்டும் ஏன் சார் உங்க சொந்தம் மாதிரி திருத்தினீங்க? அவங்க கை மாத்தலன்னா இந்த முறையே கிடையாது. அவங்க பேர ஒரு மூலையில போட்டா உங்க கையேடு கிழிஞ்சா போயிடும்?"

அவர் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை. நான் குண்டு வாங்காமல் வெளியே வந்தேன். பின்னாலேயே யாரோ வேகமாக வந்தார்கள். பல் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை உங்க அக்கா எந்த இடத்துல நிப்பாங்க?" என்றார். "நானும் வரலாமா?"

தீர்மானத்தை நீக்கக் கை தூக்கிய அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். நல்ல மனிதர். ஆனாலும் அக்காவின் இடத்தில் அணியில் போய் நின்றவரும் அவர்தான். இருந்த கொதிப்பில் உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.