ரவுண்டா நாற்பது

எங்கள் சலவைக் கடையில் இருபத்து மூன்று நாட்களாகப் பேச்சு இல்லை. இயந்திரங்கள் சத்தம் போட்டன, வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் ஒருவரோடு ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

காரணம், சோப்புத் தூள் விற்க வந்த ஆள். ஏதோ குலுக்கல் பரிசுக்கு எங்கள் பெயரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டான். இவர் தராசிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "முப்பத்தஞ்சு. ரவுண்டா நாப்பதுன்னு போட்டுக்கோங்க" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது ஏழு மாதம். பக்கத்திலேயே நின்று தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன். என்னையும் ஒரு மனுஷியாக மதித்துக் கேட்டிருக்கலாம். நாற்பதாம், நாற்பது! இவர் வாயாலேயே என் வயதைத் திருத்திச் சொல்லும்வரை இவரோடு பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்கு முன்பெல்லாம் இவர் உள்ளே துணியை எடை போட்டு, கணக்குப் பார்த்து, "எண்பத்தாறு புள்ளி ரெண்டு நாலு!" என்று கத்துவார். முன்னால் கல்லாவில் இருக்கும் நான், சில்லறைத் தொல்லை வேண்டாமென்று அதை முழுசாக்கி வாங்குவேன். ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் மேலே, குறைந்தால் கீழே. பேச்சு நின்றதும் இவர் சீட்டு எழுதித் தள்ள ஆரம்பித்தார். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் எழுத இவருக்குக் கை வலிக்குமே! ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை எதிர்த் தெரு கணக்கு டீச்சர் வந்தார். ஏழு பேர் துணி. சீட்டில் 112.5 என்று இருந்தது. நான் நூற்றுப் பதின்மூன்று கேட்டேன். டீச்சர் பணத்தை எடுக்காமல் சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் இவர் போட்ட கணக்கு அப்படியே இருந்தது: 112.46.

"இது நூத்திப் பன்னெண்டுதானேம்மா?" என்ற டீச்சரின் பார்வை சுவரில் இருந்த பலகைக்குப் போனது. 'பில்லில் தப்பு இருந்தால் ஒரு வருஷம் சலவை இலவசம்.' அதை மாட்டச் சொன்ன புத்திசாலி நான்தான். ஏழு பேர் துணியை ஒரு வருஷம் சும்மா துவைப்பதற்குப் பதில் கடையையே டீச்சர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

"உள்ள இருக்கறவரைக் கேளுங்க டீச்சர்" என்றேன்.

"புள்ளி நாலு ஆறைப் புள்ளி அஞ்சாக்கினேன். சரிதானே டீச்சர்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அஞ்சுன்னு இருந்தா மேலதானே போகணும்? நானும் சரிதான் டீச்சர்."

"ரெண்டு பேரும் சரி. ஆனா பில்லு தப்பு." டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க தப்பாச்சுன்னு நீங்களே பேசி ஒரே பதிலாச் சொல்லுங்க. நூத்திப் பன்னெண்டைக் கொடுத்துட்டுப் போயிடறேன். இல்லைன்னா ஒரு வருஷம் துவைங்க."

நான் சுவரைப் பார்த்தேன். வெளியே வந்த இவர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டையில் போர்வையே நான்கு இருந்தது.

"என்னங்க" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தோற்றுப் போனது நான்தான். "ஏற்கெனவே முழுசாக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீதான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியே. அதையே நீ மறுபடியும் முழுசாக்குவேன்னு எனக்கென்ன தெரியும்?"

"அதேதான்!" டீச்சர் கையைத் தட்டினார். "முழுசாக்கினதை மறுபடி முழுசாக்கக் கூடாது. முதல்ல இருந்த எண்ணுலேர்ந்து ஒரே தாவாத் தாவணும்."

இவர் அப்படியே நின்றார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு, இருபத்து மூன்று நாட்களில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு உனக்கு முப்பத்து நாலு வயசு, ஏழு மாசம். அதை முப்பத்தஞ்சாக்கி, முப்பத்தஞ்சை நாப்பதாக்கிட்டேன். ஒரே தாவாப் போயிருந்தா முப்பதுதான். தப்பு என்மேலதான்."

ஏழு மாதம்கூட மனுஷனுக்கு நினைவிருந்திருக்கிறது! ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த டீச்சர், நூற்றுப் பன்னிரண்டை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது மறுபடியும் இவர் உள்ளிருந்து இரண்டு இலக்கத்தோடு கத்துகிறார். நானும் முப்பது வயதுக்காரியாக ஜம்மென்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு கவலைதான். இன்னும் நான்கு மாதத்தில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை தாவினாலும் நாற்பதுதான். டீச்சரிடம் வேறு ஏதாவது விதி இருக்கிறதா என்று அடுத்த புதன்கிழமையே கேட்டு வைக்க வேண்டும்.