அடைப்புக்குள் ஆட்டுமணி

கீழ் வளைவில் வெள்ளைக் கார் தெரிந்ததும் பெனாஸர் எழுந்து நின்றார். கோர்ட் அனுப்பிய ஆள் அதில்தான் வருகிறார். அவர் பார்த்துவிட்டு என்ன எழுதுகிறாரோ அதுதான் தீர்ப்பு என்று ஊர் முழுக்கப் பேச்சு. எழுதுகிற ஆட்களை பெனாஸர் என்றைக்கும் நம்பியதில்லை. பேனா அவன் கையில். நம் கையில் என்ன இருக்கிறது?

பெனாஸர் கையில் ஒரு தடி இருந்தது. மலைமேல் இருக்கிற மேய்ச்சல் நிலத்துக்கு இரண்டாவது வருஷமாக அவர்தான் காவல். பனி உருகினதும் ஊர்க்கூட்டம் கூடி மேய்ச்சலை அடைத்துவிடும். புல் பூத்து விதை கொட்டுகிற வரைக்கும் ஒரு குளம்பு உள்ளே படக்கூடாது. எல்லை நெடுகக் கற்குவியல், அதன்மேல் சுண்ணாம்பு. அந்த வெள்ளையைத் தாண்டினால் அபராதமாக அந்த மந்தையிலேயே நல்ல கிடா போய்விடும். அதை அறுத்து ஊரே சாப்பிடும். திறப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

வினை அங்கேதான் முளைத்தது. மேய்ச்சலின் மேற்கு ஓரத்தில் புல்லே முளைக்காத பாறைமேடு ஒன்று உண்டு. காற்று ஆளைத் தூக்கும். அதில் இரண்டு காற்றாலை நட்டு, கிணற்று மோட்டாருக்கும் பால் குளிரூட்டும் அறைக்கும் சொந்தமாக மின்சாரம் எடுப்பது, மிஞ்சினதை விற்பது என்று ஊர்க்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அதே மேட்டின்மேல் தலைநகரத்துக் கம்பெனி ஒன்றுக்கும் கண். யாரும் பயன்படுத்தாத தரிசு, எங்களுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று மேய்ச்சலையும் சேர்த்துக் கேட்டு மனுப் போட்டுவிட்டார்கள். அதற்கு ஆதாரமாகப் போன வசந்தத்தில், அடைப்புக் காலத்தில் எடுத்த படங்கள். ஆள் இல்லை, ஆடு இல்லை, காலடித் தடம்கூட இல்லை. கூடவே காவல்காரனின் வாக்குமூலம்.

கம்பெனி சார்பில் அளக்க வந்தவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "மேலே யாராச்சும் போவாங்களா பெரியவரே?" என்று கேட்டான். தன் காவலைத்தான் சோதிக்கிறான் என்று நினைத்து பெனாஸர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் இருக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கா போகாது." அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து சந்தைக்குப் போனாலும் தொழுகைக்குப் போனாலும், "என்ன பெனாஸர், ஈ காக்கா நலமா?" என்று கேட்கிறார்கள்.

பக்கத்தில் யெத்தோ நின்றாள். வக்கீல். அடுத்த பள்ளத்தாக்குப் பெண். காசு வாங்காமல் வழக்கு நடத்துகிற ஏதோ சங்கம் அனுப்பியிருந்தது. காசு வாங்கினாலே வக்கீலை நம்ப முடியாது, வாங்காதவளை எப்படி நம்புவது?

"பெரியப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பெருமை பேச வேண்டாம்."

"நான் வாயே திறக்கல. போதுமா?"

"திறக்கணும். அளவாத் திறங்க."

"உனக்கு ஏன் இவ்வளவு கவலை? உன் மேய்ச்சலா போகுது?"

"இங்க இது தரிசுன்னு ஆயிட்டா அடுத்தது எங்க ஊர்தான். அங்கயும் அடைப்பு இருக்கு, அங்கயும் காத்து அடிக்குது."

இது பெனாஸருக்குத் தெரியாது. அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து கூட்டத்துல என்னமோ சொன்னியே."

"வர்றவர் கண்ணால பாக்கறதைத்தான் எழுதுவார்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

"எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கல."

அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. வடக்குச் சரிவில் ஆடுகள் ஏறி வந்துகொண்டிருந்தன. பின்னால் விசிலடித்தபடி மிமூன், பெனாஸரின் பெண்டாட்டிக்கு அண்ணன். முன்னால் வந்த ஆடு சுண்ணாம்புக் கல்லைத் தாண்டிப் புல்லில் வாயை வைத்துவிட்டது.

யெத்தோ பெனாஸர் பக்கம் திரும்பினாள். "நான் ஆட்டை உள்ள விடச் சொல்லல பெரியப்பா. சத்தியமா இல்ல."

கார் நின்றது. கதவு திறந்தது. பெனாஸர் ஆட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். சும்மா நின்றால் போதும். வந்தவர் ஆட்டைப் பார்ப்பார், படம் பொய் என்று எழுதுவார், ஈ காக்கா கதை அதோடு ஒழியும். ஆனால் ஊர் மதிக்கிற மகானின் சமாதியில் கையை வைத்து, அண்ணன் தம்பி என்று பார்க்கமாட்டேன் என்று சொல்லித்தான் இந்தத் தடியை வாங்கியிருந்தார். யோசித்து முடிப்பதற்குள் கால் நடந்துவிட்டது.

"வெளிய ஓட்டு."

"மச்சான், கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோ. உன் வாயால போனதை என் ஆடு மீட்டுத் தருது."

"வெளிய ஓட்டுன்னேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊருக்காகத்தான் செய்யறேன்!"

"ஊர்தான் அடைச்சுது. ஊரே திறக்கட்டும்."

மந்தையில் நல்ல கிடா எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சுருள்கொம்பன். பெனாஸர் கொம்பைப் பிடித்தார், மிமூன் பின்காலைப் பிடித்தான். இரண்டு கிழவர்களும் ஒரு கிடாயும் புழுதியில் உருண்டார்கள். கோர்ட் ஆளோடு காரிலிருந்து இறங்கிய கம்பெனி வக்கீல் டையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். "பாருங்க சார், இவங்களுக்குள்ளயே ஒத்துமை இல்ல."

கோர்ட் ஆள் சிரிக்கவில்லை. ஒல்லியான மனிதர், தொப்பி மறந்து வந்து மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. "அந்தக் கிடா யாரோடது?"

"என்னோடது. பிடுங்கறான் பாருங்க," என்றான் மிமூன்.

"போலீஸ்ல புகார் கொடுக்கப் போறீங்களா?"

மிமூன் அவமானப்பட்டவன்போல எழுந்து நின்றான். "போலீஸா? அடைப்பைத் தாண்டினேன், பிடிச்சிட்டான். இதுல போலீஸுக்கு என்ன வேலை?"

"இவன் வம்சமே இப்படித்தான்," என்று பெனாஸர் மூச்சு வாங்கினார். "இவன் அப்பன் கிடாயை எங்கப்பன் பிடிச்சார்."

"கிடாயா? பல்லு போன கிழட்டு ஆடு அது! அந்தக் கறியை மெல்ல முடியாம ஊரே திட்டிச்சு!"

கோர்ட் ஆள் எழுதினார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கமும் எழுதினார். அந்தப் பேனா ஓடுகிற சத்தம் பெனாஸருக்குக் காதைக் குடைந்தது. யெத்தோவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த மனிதர் கற்குவியல் வரைக்கும் நடந்தார். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தவர், சுண்ணாம்பைக் குனிந்து பார்த்தார். "நான் உள்ளே போய் அளக்கணும். போகலாமா?"

இதுவரை உள்ளே போக அனுமதி கேட்ட வெளியாள் கிடையாது. பெனாஸர் புல்லைப் பார்த்தார். சரி என்று சொன்னால் மிமூன் என்ன தப்பு செய்தான்? கூடாது என்று சொன்னால் கோர்ட்டையே தடுத்த மாதிரி ஆகிவிடாதா? 

"கூடாது," என்றார். "ஆடு திங்கும், நீங்க மிதிப்பீங்க. புல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதான். திறக்கிற அன்னிக்கு வாங்க."

"கோர்ட் உத்தரவைத் தடுக்கறார்! அதை எழுதுங்க சார்!" என்று கத்தினான் டைக்காரன்.

"எழுதிட்டேன்," என்றார் அவர். காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். "திறக்கறது என்னைக்கு?"

"கூட்டம் சொல்லும். ஒரு வாரம் ஆகும்."

தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். கதவுகள் மூடின.

யெத்தோ கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தோத்துட்டோமா?" என்று கேட்டார் பெனாஸர்.

"தெரியல பெரியப்பா."

"படிச்சவதானே நீ?"

"சத்தியமா தெரியல. அவர் காலைத் திரும்ப எடுத்தாரே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதுக்கென்ன?"

"அடைப்பை அவரே மதிச்சுட்டார். அதையும் எழுதினார்னா இது எப்படித் தரிசாகும்?"

கீழ் வளைவில் கார் திடீரென்று நின்றது. பெனாஸர் தடியை இறுகப் பிடித்தார். மனசு மாறிவிட்டதா, திரும்பி வருகிறாரா? எட்டிப் பார்த்தார். மிமூன் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மந்தையைப் பாதைக்குக் குறுக்கே ஓட்டிப் போய்க்கொண்டிருந்தான். ஆடுகள் கடந்து முடிகிற வரைக்கும் கார் ஹாரன் அடிக்காமல் நின்றது. மேலே, கயிற்றில் கட்டிய சுருள்கொம்பன் மந்தையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.