செத்த கை

இறால் கம்பெனியில் எனக்கு ஐஸ் மேஜை. ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்து எட்டு மணி நேரம் தலை கிள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை வயிற்றில் வைப்பேன். சில்லென்று பட்டதும் பிள்ளை ஓர் உதை விடும். "உள்ள இருந்தே திட்டுது பாரு" என்று நாத்தனார் சிரிப்பாள்.

ஏழாம் மாதம் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. போன பிள்ளையும் இதே மாதத்தில்தான் போனது. இந்தத் தடவை ஓய்வுக் கடிதம் வாங்கியே தீருவதென்று நாத்தனாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிரஷர் ரெண்டுங்கெட்டானாக இருந்தது. நர்ஸ் என் நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஒரு கையில் பிரஷர் பட்டை சுற்றி, ஒரு வாளி ஐஸ் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"கைய விடும்மா, ரெண்டு நிமிஷம். நரம்பு என்ன பண்ணுதுன்னு பாக்கணும். பிரஷர் எகிறுச்சுன்னா லீவு எழுதிடுவாங்க."

விட்டேன். மெஷினில் எண் அசையவே இல்லை.

"அடேயப்பா! எல்லாரும் அரை நிமிஷத்துல அலறிடுவாங்க."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மடச்சி.

நாத்தனாருக்குத்தான் உறைத்தது. "மேடம், இவ பொழுதன்னைக்கும் ஐஸுல கெடக்குறவ. அது செத்த கை. கால வச்சுப் பாருங்களேன்."

"கைன்னுதான் போட்டிருக்கு. கால் நனைக்க இது என்ன கொளமா?"

கடைசியில் கொடுத்த சீட்டை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். நரம்பு இயக்கம் சீர். வேலை செய்யலாம்.

எங்கள் சூப்பர்வைசருக்குக் 'கதவு' என்று பெயர். யாரும் நழுவிவிடாமல் வாசலிலேயே நிற்பார். சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கே நரம்பு இவ்ளோ நல்லா இல்லம்மா. மேஜைக்குப் போ."

"தலை பொளக்குதுண்ணே."

"இங்க யாருக்குப் பொளக்கல?"

ஒன்பது நாள் போனேன். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து கையை வயிற்றில் வைத்தேன். உதை வரவில்லை. மறுபடி வைத்தேன். உதை தெரிய வேண்டியது வயிற்றுக்கு, கைக்கு அல்ல. இருந்தாலும் கையைத்தான் குறை சொன்னேன்.

"கை மரத்துக் கெடக்கு, ஒண்ணும் புரியல. நீ வச்சுப் பாரேன்."

நாத்தனார் வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். செருப்புகூடப் போடாமல் வண்டி பிடிக்க ஓடினாள்.