ஒற்றை நாற்காலி

கடைச் சிப்பந்திகள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று மெக்சிகோவில் சட்டம் வந்ததும், எங்கள் முதலாளி தோன் எவாரிஸ்தோ உடனே ஒன்று வாங்கிப் போட்டார். புவெப்லாவில் எங்கள் துணிக்கடையில் நாங்கள் மூன்று பெண்கள், நாற்காலி ஒன்று. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, மனிதர் கல்லாவுக்குப் பின்னால் போய் அமர்ந்துகொண்டார்.

ஒருவரும் உட்காரவில்லை. பக்கத்தில் ஒருத்தி நிற்கும்போது தான் மட்டும் உட்காருவதை எங்கள் ஊரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். செனைடா மூத்தவள் என்று ஒப்துலியா விலகி நின்றாள். ஒப்துலியாவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது என்று செனைடா மறுத்தாள். நான் இருவருக்கும் இளையவள். ஆக, வாடிக்கையாளர்களின் பைகள் சுகமாக உட்கார்ந்தன. இது தெரிந்துதான் முதலாளி ஒன்றோடு நிறுத்தினாரா என்று எனக்கு ஒரே குடைச்சல்.

சாயங்காலமானால் ஒப்துலியாவின் கால் வீங்கிப்போகும். இப்படியே நின்றால் புண் வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமையோடு வேலையை விடுகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மறுநாள் வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டு ரொட்டியைக் கடித்தேன். என்னதான் ஆகும், பார்ப்போமே.

செனைடாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெரியவங்க நிக்கறோம், மகாராணிக்கு ரொட்டி கேக்குதோ?"

கையைப் பிடித்து என்னை எழுப்பினாள். அதே வேகத்தில் ஒப்துலியாவைத் தோளில் அமுக்கி உட்காரவைத்து, எழுந்தால் இனி முகத்தில் விழிக்கவே கூடாது என்று அதட்டினாள்.

ஒப்துலியா செருப்பைக் கழற்றினாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். இத்தனை வருஷத்தில் கடையை இந்த உயரத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என் பாவாடையை இழுத்தாள்.

"அடியே, குனிஞ்சு பாரேன். கல்லாவுக்கு அடியில முதலாளி காலுக்குத் தலகாணி போட்டு வெச்சிருக்காரு."

குனிந்து பார்த்தோம். கடையிலேயே உயர்ந்த வெல்வெட்டில் தைத்தது.

சனிக்கிழமை ஒப்துலியா கல்லாவுக்குப் போனாள். வேலையை விடத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"தலகாணி உங்களுக்கே இருக்கட்டும், முதலாளி," என்றாள். "திங்கக்கெழம நான் வரும்போது இன்னும் ரெண்டு நாற்காலி இருக்கணும்."